வெர்தோன் பள்ளத்தாக்கில் பாறை ஏற்றம்: முதல் தடவை போகிறவர்கள் எப்படித் தொடங்கலாம்?

தென்றல்_நீஸ்

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் பிரான்சின் தெற்கிலுள்ள வெர்தோன் பள்ளத்தாக்குக்கு நானும் என் தோழியும் ஏறப் போகிறோம். இருவரும் பெங்களூரில் சேர்ந்து பழகியவர்கள். பாதாமி மணற்கல்லில் 6பி கிரேடு (கடின அளவு) வரை லீட் ஏறுவோம், அதாவது கயிற்றை நாமே மாட்டிக்கொண்டு முன்னால் ஏறுவது. சாவன்துர்காவில் மல்டி பிச் ஸ்லாப் வழிகளும் ஏறியிருக்கிறோம், அதாவது சாய்ந்த பாறையில் ஒவ்வொரு கயிற்று நீளமாக (ஒரு பிச்) ஏறும் வழிகள். இப்போது நான் வேலைக்காக நீஸ் பக்கம் இருக்கிறேன், அவள் விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிறாள்.

அங்குள்ள எஸ்கலெஸ் என்ற பாறைச் சுவரின் உச்சியிலிருந்து அடிவரை ராப்பெல் செய்து (கயிற்றில் தொங்கி) இறங்கி, லா தெமாந்த் என்ற ஏற்ற வழியில் ஏறி மேலே வருவதாகத் திட்டம். அந்த வழிக்கு 6ஏ கிரேடு போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது முடியும் என்று நினைக்கிறேன். முன்பே போனவர்கள் சொல்லுங்கள், திட்டம் சரிதானா? கயிறு ஒற்றை போதுமா, இரட்டை வேண்டுமா?

அந்த வாரம் அப்பா அம்மாவும் என்னோடு இருப்பார்கள். அப்பா நன்றாகக் கார் ஓட்டுவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதி_கிரனோபிள்

தென்றல், வாழ்த்துகள். ஐரோப்பாவில் எனக்கு மிகப் பிடித்த பாறை அது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதாமியில் என்ன செய்வோம்? பாறையின் அடிக்கு நடந்து போவோம், கீழிருந்து அண்ணாந்து வழியைப் பார்ப்போம், ஏறுவோம். முடியவில்லை என்றால் கீழே கயிறு பிடிக்கும் பிலேயர் இறக்கி விடுவார், அப்புறம் டீ குடிக்கப் போகலாம். எஸ்கலெஸில் இந்த வரிசையே தலைகீழ். சாலை மேலே ஓடுகிறது. லா பாலு கிராமத்திலிருந்து கிளம்பி ஒரு சுற்று சுற்றி அங்கேயே திரும்பும் ரூட் தே க்ரேத் என்ற சாலை, சுமார் 23 கிலோமீட்டர். வழி நெடுக பள்ளத்தாக்கைப் பார்க்கும் மேடைகள் கட்டியிருக்கிறார்கள். காரை நிறுத்தி, கம்பி வேலியைத் தாண்டி, ஆங்கரில் (பாறையில் பதித்த பிடிமானத்தில்) உங்களைப் பூட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே கிட்டத்தட்ட 300 மீட்டர் வெறும் காற்றை வைத்துக்கொண்டு கயிற்றை வீச வேண்டும். ஏறப் போகும் வழியை ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியாது. கீழே போய்க் கயிற்றை இழுத்துவிட்டால், பெரும்பாலான இடங்களில் வெளியே வர இருக்கும் ஒரே வழி ஏறுவது.

அதனால் கிரேடை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். நான் கேட்க விரும்பும் கேள்விகள் வேறு. நிற்க இடமே இல்லாத சுவரில் இருவரும் ஆங்கரில் தொங்கியபடி கயிற்றைச் சிக்கில்லாமல் வைத்துக்கொள்ளத் தெரியுமா? கயிறு இழுக்கும்போது புதரில் மாட்டினால் என்ன செய்வீர்கள்? கூட வருகிறவர் ஒரு இடத்தில் ஏறவே முடியாமல் நின்றுவிட்டால், ப்ருசிக் (கயிற்றை இறுகப் பிடிக்கும் முடிச்சு) போட்டுக் கயிற்றிலேயே ஏறி வருவாரா? வந்ததில்லை என்றால், இருவரில் யாருக்கு 6சி முடியும் என்று பேசுவதில் பயன் இல்லை.

கிரேடைப் பற்றியும் ஒன்று. வெர்தோனின் 6ஏ, ஜிம்மில் ஏறும் 6ஏ மாதிரி இருக்காது. சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, ஏறக்குறைய செங்குத்து. மழைநீர் காலங்காலமாகச் சொட்டிக் குடைந்த சின்னச் சின்னக் குழிகள்தான் கைப்பிடி. கைவலுவை விடக் கால் வைக்கும் துல்லியம்தான் ஏற்றிவிடும். பழைய வழிகளில், கயிறு மாட்டப் பாறையில் அடித்த போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும்.

என் யோசனை: முதல் நாள் மேலிருந்து ஒரே ஒரு பிச் நீளம் மட்டும் இறங்குங்கள். உச்சி ஆங்கரில் தனியாக ஒரு கயிற்றைக் கட்டித் தொங்க விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் வழியில் ஏறி வெளியே வாருங்கள். முடியவில்லை என்றால் அந்தத் தனிக் கயிற்றில் ப்ருசிக் போட்டு வந்துவிடலாம். அந்த உயரமும் காற்றும் உங்களை என்ன செய்கின்றன என்று ஒரே காலையில் தெரிந்துவிடும்.

கயிறு: இரட்டை. தலா 50 மீட்டர் ஹாஃப் ரோப் (ஜோடியாகப் பயன்படுத்தும் மெல்லிய கயிறு) குறைந்தபட்சம், 60 இருந்தால் நிம்மதி. இரண்டு முனையிலும் முடிச்சு. இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

கல்தச்சன்

மதி அக்கா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன், அது முக்கியமான இடம்.

எஸ்கலெஸில் இரண்டு விதமாக இறங்கலாம். ஒன்று, ஆற்றங்கரை வரை முழுவதும் இறங்குவது. மற்றது, சுவரின் பாதியில் இருக்கும் ஒரு திட்டிலோ ஆங்கரிலோ நிற்பது. எல்லோரும் முழு இறக்கம்தான் பயங்கரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அடிவரை போனவர்களுக்கு நடந்து வெளியேற வழி உண்டு! அதே கரையில் மார்தெல் பாதை என்ற நடைபாதை போகிறது. அதைப் பிடித்துச் சுரங்கப்பாதைகள் வழியாக குலுவார் சாம்சோன் வாகன நிறுத்தத்துக்கு வந்துவிடலாம். நேரமாகும், கார் மேலே வேறு பக்கம் நிற்கும், அலைச்சல்தான். ஆனால் அது ஒரு வாசல். பாதிச் சுவரில் நிற்பவருக்கு அந்த வாசல் கிடையாது. மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் கயிற்று நீளமும் ஆங்கர்களும் ஒத்துழைத்தால் இன்னும் கீழே இறங்க வேண்டும். எனவே "கொஞ்சம்தானே இறங்குகிறோம்" என்ற எண்ணம்தான் அங்கே ஆபத்து. அக்கா சொன்ன தனிக் கயிறு இல்லாமல் ஒரு பிச் கூட இறங்காதீர்கள் என்பேன்.

லா தெமாந்துக்கு வருவோம். அதற்கு ராப்பெல் செய்யவே தேவையில்லை. சாம்சோனிலிருந்து நடந்தே அடிக்குப் போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அடியில் நின்று முழுச் சுவரையும் பார்க்கலாம், மேகத்தைப் பார்க்கலாம், மனசு சரியில்லை என்றால் திரும்பி நடக்கலாம். அப்பா கார் ஓட்டுவார் என்றீர்களே, காலையில் சாம்சோனில் விட்டுவிட்டு மாலையில் ரூட் தே க்ரேத்தில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். உச்சியிலிருந்து சாலை பக்கம்தான்.

ஆனாலும் முதல் வழியாக அதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். 300 மீட்டருக்கு மேல் நீளம். கீழ்ப் பாதி வெடிப்பைப் பிடித்துக்கொண்டு போகும். மேல் பாதி சிம்னி, அதாவது முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச் சுவரிலும் கொடுத்து நகரும் வேலை. பாதாமியில் அதற்குப் பழக்கம் கிடைத்திருக்காது. பல தலைமுறைக் கால்கள் தேய்த்துப் பாறை வழுவழுவென்று இருக்கிறது. போல்ட் இருந்தாலும் தூரம் தூரமாக இருப்பதால், நடுவில் வைக்கச் சில நட்டும் கேமும் (வெடிப்பில் செருகும் பிடிமானங்கள்) வேண்டும். களைத்த பிறகு சிம்னி வரும் என்பதுதான் அந்த வழியின் குணம். 6பி லீட் ஏறுகிறவர்கள் 5சி சிம்னியில் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

வாகீசன்_பாரிஸ்

வணக்கம் தங்கச்சி. நான் பெரிய ஏற்றக்காரன் இல்லை. மனைவி பிள்ளைகளோடு நடக்கப் போகிற ஆள். நண்பர்கள் ஏற நான் கீழே காத்திருப்பேன். அதனால் ஆற்றைப் பற்றியும் அப்பா அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் ஆறு. வெர்தோனுக்கு மேலே கஸ்தியோன், ஷோதான் என்று இரண்டு அணைகள் இருக்கின்றன. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் பள்ளத்தாக்குக்குள் நீர்மட்டம் சட்டென்று ஏறும். வானம் நீலமாக இருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது, ஆனாலும் தண்ணீர் வரும். நண்பகலில் கல்லில் இருந்து காலை நனைத்துக்கொண்டிருந்த இடம் பின்னேரம் இருக்காது. கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன, ஆட்கள் கவனிப்பதில்லை. மறுகரைக்குக் கடந்து போகவே வேண்டாம். கடந்த பிறகு மட்டம் ஏறினால் திரும்ப வழியில்லை.

அடுத்தது சுரங்கப்பாதை. சாம்சோன் பக்கமிருந்து போனால் பெரிய சுரங்கம் ஒன்று வரும், நீளம் 600 மீட்டருக்கு மேல். உள்ளே கும்மிருட்டு, தரை எப்போதும் ஈரம். போன் வெளிச்சத்தை நம்பாமல் தலைவிளக்கு கொண்டுபோங்கள். ஒருகாலத்தில் ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுக்க என்று தோண்டத் தொடங்கிக் கைவிட்ட வேலை அது. இன்று நடக்கிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் உதவுகிறது.

அம்மாவுக்கு முழு மார்தெல் பாதை வேண்டாம். மலீன் விடுதியிலிருந்து புவான் சுப்லீம் வரை ஆறேழு மணி நேர நடை. நடுவில் மிகச் செங்குத்தான இரும்புப் படிகள் வருகின்றன, இருநூறுக்கு மேல். முழங்காலுக்கு அது தண்டனை. அவரை புவான் சுப்லீம் பார்வைமேடைக்குக் கூட்டிப் போங்கள். வாகன நிறுத்தத்திலிருந்து சிறிய நடைதான், பள்ளத்தாக்கின் வாசல் முழுவதும் தெரியும். அப்புறம் ரூட் தே க்ரேத்தைக் காரிலேயே சுற்றலாம். அதில் ஒரு பகுதி ஒருவழிப்பாதை என்பதால், லா பாலுவிலிருந்து கஸ்தெலான் போகும் பக்கத்தால் நுழையச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதியில் திரும்ப வேண்டி வரும். ஒருநாள் கீழே சாந்த் குருவா ஏரிக்கும் போகலாம். மிதிபடகு வாடகைக்கு எடுத்துப் பள்ளத்தாக்கின் வாய்க்குள் கொஞ்சத் தூரம் போய் வரலாம். என்னுடைய அம்மா எழுபது வயதில் அந்தப் படகில் இருந்து சுவர்களைப் பார்த்துக் கண் கலங்கினார். அந்த ஏரி 1970-களில் அணை கட்டியபோது உண்டானது. லே சால் என்ற பழைய கிராமம் அதற்குள் மூழ்கிப் போக, மேட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்த நாங்கள் அதைக் கேட்டுவிட்டு ஏரியைப் பார்க்கும்போது வேறு மாதிரித்தான் இருக்கும்.

அருவி77

நான் வேறு கருத்துச் சொல்லப் போகிறேன். இங்கே எல்லோரும் நுணுக்கங்களைப் பேசுகிறீர்கள். முதல் தடவை, தெரியாத பாறை, தெரியாத மொழி. ஏன் ஒரு வழிகாட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது? லா பாலுவிலும் கஸ்தெலானிலும் சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஒருநாள் கட்டணம் நம் ஊர்க் கணக்கில் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமான டிக்கெட்டுக்கும் கயிற்றுக்கும் செலவு செய்கிறோம், உயிருக்குச் செலவு செய்யத் தயங்குகிறோம். பெற்றவர்கள் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மதி_கிரனோபிள்

அருவி, வழிகாட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எதற்கு வைக்கிறோம் என்பதில்தான் எனக்கு அக்கறை. அவர் முன்னால் ஏறி, மேலிருந்து கயிற்றை இறுக்கிப் பிடித்து, நம்மைப் பையைப் போல இழுத்துக் கொண்டுபோனால் அன்றைய நாள் பத்திரமாக முடியும். மறுநாள் நாமிருவர் மட்டும் போகும்போது நேற்று தெரியாதது இன்றும் தெரியாது. கூடுதலாக, "வெர்தோன் ஏறியாயிற்று" என்ற நம்பிக்கை வேறு வந்திருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

வைப்பதென்றால் முன்பே எழுதிக் கேளுங்கள்: எங்களுக்கு உச்சிக்கு ஏறுவது முக்கியமில்லை, சுவரில் சிக்கிக்கொண்டால் வெளியே வரக் கற்றுக்கொடுங்கள் என்று. ராப்பெல் நடுவில் நின்று மறுபடி கயிற்றில் ஏறுவது, மாட்டிய கயிற்றை விடுவிப்பது, காயப்பட்ட துணையோடு ஆங்கருக்குப் போவது. நல்ல வழிகாட்டிகள் இப்படிக் கேட்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

அருவி77

அந்த வித்தியாசம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் முதல் நாளாவது யாராவது தெரிந்தவர் கூட இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

தென்றல்_நீஸ்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. கல்தச்சன் அண்ணா சொன்ன இரண்டு வித இறக்கம் எந்த வலைப்பக்கத்திலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைக்கவில்லை. திட்டத்தை மாற்றுகிறோம். முதல் நாள் தனிக் கயிற்றோடு மேல் பிச் மட்டும். லா தெமாந்த் இந்தத் தடவை உண்டா இல்லையா என்பதை அங்கே போய் முடிவு செய்வோம்.

ப்ருசிக் போட்டு ஏறுவதைத் தரையில் கற்றிருக்கிறோம், காற்றில் தொங்கிக்கொண்டு செய்ததில்லை. இங்கே ஒரு ஜிம்மில் கேட்டு, அவளும் வந்த பிறகு பழகப் போகிறோம். வேறு என்ன பழக வேண்டும்? காப்பீடு பற்றியும் சொல்லுங்கள்.

மதி_கிரனோபிள்

நல்ல முடிவு. பழக்கத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ராப்பெல் செய்யும்போது கையை விட்டாலும் நிற்கும்படி டிவைசுக்குக் (கயிற்றில் இறங்கும் கருவி) கீழே ஒரு ப்ருசிக் போட்டு இறங்குவது, பிறகு அதே இடத்தில் நின்று, இறங்குவதை ஏறுவதாக மாற்றுவது. இந்த மாற்றம் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு வர வேண்டும். வழி தவறிப் பக்கத்து ஆங்கரைத் தாண்டி இறங்கிவிட்டீர்கள் என்றால், அது ஒன்றுதான் காப்பாற்றும்.

சத்தத்தையும் நம்பாதீர்கள். பள்ளத்தாக்கில் காற்று எழும்பினால் 30 மீட்டருக்கு அப்பால் கத்துவது கேட்காது. மேலே சாலையில் மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கும். கயிற்றை எத்தனை தடவை சுண்டினால் என்ன அர்த்தம் என்று தரையிலேயே பேசி வையுங்கள். ஹெல்மெட் கட்டாயம். பார்வைமேடையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் காலால் தள்ளும் சிறுகல் கீழே இருப்பவர் தலைக்குத்தான் வரும். நீங்கள் கயிறு வீசும்போதும் உரக்கச் சொல்லிவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

காப்பீடு: இந்தியாவில் எடுக்கும் பயணக் காப்பீடுகளில் பல, பாறை ஏற்றத்தை விலக்கியே வைத்திருக்கும். உங்கள் தோழி எடுத்ததில் சின்ன எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இங்கேயே வசிப்பதால் பிரெஞ்சு ஆல்பைன் கிளப்பில் உறுப்பினராகி, அதோடு வரும் மீட்புக் காப்பீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஏறுவதற்குத் துணையும் அங்கே கிடைக்கும். அவசரத்துக்கு 112. எந்தச் சுவர், எந்த வழி, எத்தனையாவது பிச் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் வழியின் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் பழகி வையுங்கள்.

சுடர்மணி

நானும் போக ஆசைப்படுபவன். கைடு புத்தகம் வாங்காமல் போனில் இருக்கும் ஆப் மட்டும் போதுமா?

கல்தச்சன்

போதாது தம்பி. பள்ளத்தாக்குக்குள் சிக்னல் பல இடங்களில் இல்லை. அதோடு, மேலிருந்து இறங்கும் இடம் என்பதால் "எந்த மேடைக்கு எத்தனை மீட்டர் இடப்பக்கம் எந்த மரத்துக்குப் பக்கத்தில் ஆங்கர்" என்ற விவரம்தான் உயிர்நாடி. தவறான ஆங்கரில் இறங்கினால் உங்கள் கிரேடுக்கு மேற்பட்ட சுவரின் நடுவில் போய் நிற்பீர்கள். லா பாலுவில் ஏற்றக் கடையில் புத்தகம் கிடைக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் "முதல் தடவை, எங்கே தொடங்கலாம்?" என்று கேளுங்கள். அவர்கள் அங்கேயே வாழ்கிறவர்கள், நேற்று எந்த ஆங்கர் ஆடியது என்பது வரை தெரியும்.

குறிஞ்சிநேசன்

இழையை முழுவதும் படித்தேன். பாறையைப் பற்றிப் பேசிவிட்டோம், அந்த இடத்தின் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது என்பது என் ஆசை.

எதுவார் அல்ஃப்ரெட் மார்தெல் என்ற குகை ஆய்வாளர் 1905 ஆகஸ்டில் தன் குழுவோடு பள்ளத்தாக்கின் அடி வழியாக முழுவதும் கடந்தார். அந்தக் குழுவில் ரூகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளானும் இருந்தார். நடைபாதைக்கு மார்தெல் பெயர் வந்தது அதனால்தான். ஏறுபவர்கள் இந்தச் சுவர்களைக் கண்டுகொள்ள இன்னும் அறுபது வருடம் ஆயிற்று. லா தெமாந்தை பிரான்சுவா கியோவும் ஜோயெல் கொக்கெனியோவும் 1968 இல் திறந்தார்கள். அவர்கள் கீழிருந்து, வெடிப்பைத் தொடர்ந்து, ஆணி அடித்துக்கொண்டே போனார்கள். வெடிப்பே இல்லாத வெற்றுச் சாம்பல் சுவர்களை எப்படி ஏறுவது? 1970-களின் பிற்பகுதியில் சிலர் மேலிருந்து கயிற்றில் இறங்கி, துளையிட்டு போல்ட் அடிக்கத் தொடங்கினார்கள். மலையை அடியிலிருந்துதான் திறக்க வேண்டும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய மனக்கசப்பு. ஆனால் இன்று உலகம் முழுக்க, நம் பாதாமி உட்பட, நாம் ஏறும் போல்ட் வழிகள் அநேகமாக அந்த முறையில் வந்தவைதான். 1980-களின் தொடக்கத்தில் பத்ரிக் எத்லெங்கே என்ற ஏற்றக்காரர் கயிறே இல்லாமல் பாறையில் நகரும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் பிரான்சில் சாதாரண மக்களுக்கும் இந்த விளையாட்டு தெரிய வந்தது. அவர் பிற்காலத்தில் லா பாலுவிலேயே வாழ்ந்து 2012 இல் அங்கேயே காலமானார்.

அப்புறம் கழுகுகள். கிரிஃபான் பிணந்தின்னிக் கழுகு அந்தப் பகுதியிலிருந்து அழிந்தே போயிருந்தது. 1999 இல் ரூகோனில் மறுபடி விடத் தொடங்கினார்கள், இன்று அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நம் ஊரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் கண்முன்னே மறைந்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடு இருக்கும் காலத்தில் சில பகுதிகளில் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், தயவுசெய்து அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். கூடாரமும் முகாம் இடங்களில் மட்டும்தான், காட்டில் நெருப்பு மூட்டவே கூடாது. கோடையில் அந்த மலைகள் ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

தென்றல்_நீஸ்

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்கும் இனிப் போகிறவர்களுக்கும் பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன்.

நீஸிலிருந்து கிராஸ், கஸ்தெலான் வழியாக மலைப்பாதையில் ஓட்டிப் போனோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்காருவது நல்லது. லா பாலு மிகச் சின்னக் கிராமம். முகாம், ரொட்டிக் கடை, ஏற்றக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். கடையில் சொன்னபடி, முதல் காலையில் ஒரு பார்வைமேடை அருகே தனிக் கயிறு கட்டி ஒரே பிச் இறங்கினோம்.

முதல் முறை வேலிக்கு வெளியே கால் வைத்தபோது தோழி பேசவே இல்லை. எனக்கும் வாய் உலர்ந்துவிட்டது. சாவன்துர்காவில் உயரம் இருக்கும், ஆனால் பாறை சாய்ந்து உடம்பைத் தாங்கும். இங்கே ஆற்றின் பச்சை நேராகக் குதிகாலுக்கு அடியில். தொங்கும் ஆங்கரில் நிலைப்படவே வெகுநேரம் பிடித்தது. ஏற்றம் தொடங்கிய பிறகு மனம் அடங்கியது. குழிகள் ஒவ்வொன்றும் விரல் வைக்கச் செதுக்கியது போல் இருக்கின்றன, ஆனால் கால் எங்கே வைப்பது என்று தேடித் தேடித்தான் போக வேண்டும். அவள் நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். தனிக் கயிறு பக்கத்தில் இருந்ததால் பதற்றமே இல்லை. அதற்கு மாறி, ப்ருசிக் போட்டு மேலே வந்தாள். மதி அக்கா, நீங்கள் சொன்ன பழக்கம் முழுவதும் அந்த இடத்தில் பலித்தது. அன்றே அதே வழியை மறுபடி முயன்று சுத்தமாக ஏறினாள். மேலே வந்தபோது மேடையில் நின்ற யாரோ ஒரு குடும்பம் கை தட்டியது. அப்பாவும் சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் காரை விட்டு இறங்கவில்லை.

அடுத்து டால் க்ரீஸ் என்ற சாம்பல் சாய்பாறைகளில் மல்டி பிச் ஏறினோம். எஸ்கலெஸில் கிரேடு குறைந்த வழிகளில் ஒன்று, ஸ்லாப் பழகியவர்களுக்கு நன்றாக ஒத்துவரும். அங்கேயும் கயிறு இழுக்கும்போது ஒரு செடியில் மாட்டியது. சுண்டி, அலையடித்து, ஒருவழியாக வந்தது. ஏறும்போது கழுகு ஒன்று எங்களுக்குக் கீழே, முதுகு தெரியப் பறந்தது. பறவையின் முதுகை அதுவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

லா தெமாந்த் ஏறவில்லை. அதற்கென்று வைத்திருந்த நாளில் பிற்பகல் இடி வரும் என்று வானிலை அறிவிப்பு இருந்தது. சிம்னிக்குள் தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்து விட்டுவிட்டோம். அன்று நால்வருமாக சாம்சோன் போய், சுரங்கத்தின் தொடக்கம் வரை நடந்தோம். வாகீசன் அண்ணா, அம்மாவுக்கு ஏரிதான் பிடித்தது, மிதிபடகிலிருந்து இறங்க மனமில்லை.

ஒரு வேண்டுகோள்: மேடைகள் அருகே நிறுத்தும் காரில் பையோ பாஸ்போர்ட்டோ கண்ணில் படும்படி விடாதீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு காரின் கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தோம்.

அருவி77

படித்ததும் நிம்மதி. இடி அறிவிப்பைப் பார்த்துத் திரும்பியதற்குத் தனிப் பாராட்டு. தனிக் கயிறு ஒன்றே முதல் நாளுக்கு ஒரு வழிகாட்டிக்குச் சமம் போலிருக்கிறது. அப்பாவும் தைரியசாலி.

சுடர்மணி

செப்டம்பரில் நான் பாரிஸ் வருகிறேன். அந்த மாதம் சரிப்படுமா? யாராவது லா தெமாந்த் போவதாக இருந்தால் சேர்ந்துகொள்ளலாமா? 6ஏ லீட் ஏறுவேன், ராமநகரத்தில் மல்டி பிச் பழக்கம் உண்டு, சிம்னியும் கொஞ்சம் ஏறியிருக்கிறேன்.

கல்தச்சன்

செப்டம்பர் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சுவர் அடுப்பாகக் காயும், மாலையில் இடியும் வரும். எஸ்கலெஸ் தென்கிழக்கு பார்த்தது. காலையில் முழு வெயில், பிற்பகலில் நிழல். லா தெமாந்த் மாதிரி நீளமான வழிக்கு நிழல் வரும்வரை காத்திருக்க முடியாது, ஏனென்றால் செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான். விடியும்போது சாம்சோனில் இருக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பையில் தலைவிளக்கு. சிம்னியில் பை முதுகில் இருந்தால் நகரவே முடியாது, ஹார்னஸிலிருந்து (இடுப்பில் கட்டும் வார்) கீழே தொங்கவிடப் பட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் போக நினைத்திருந்தேன். மாதத்தின் கடைசி வாரம் எனக்கு ஒத்துவரும். முதலில் ஒருநாள் மேல் பிச்சில் சேர்ந்து ஏறிப் பார்ப்போம், இருவருக்கும் ஒத்துப்போனால் லா தெமாந்த்.

தென்றல்_நீஸ்

நானும் வருகிறேன் அண்ணா. தோழி ஊருக்குத் திரும்பிவிட்டாள், துணை இல்லை. மூன்று பேர் ஒரே வழியில் போனால் மெதுவாகுமே, நான்காவது ஆள் கிடைத்தால் இரண்டு ஜோடியாகப் பிரிந்து போகலாமா?

மதி_கிரனோபிள்

நான்காவது நான். தென்றல் என்னோடு, சுடர் கல்தச்சனோடு. இரண்டு ஜோடிக்கும் தனித்தனி கயிறு வேண்டும். என்னிடம் 50 மீட்டர் ஹாஃப் ரோப் இரண்டு இருக்கிறது, நட்டும் இருக்கிறது. கேம் யாரிடம் எந்த அளவில் இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். முகாமில் இடம் நான் சொல்லி வைக்கிறேன்.